பருவ இறுதிக் கடிதம்: வீட்டுப்பாடம் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டும் சிறப்பாக நடந்தேறின. பரிசு வென்ற மாணவர்களுக்கும் பயிற்சி அளித்த ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள்.

இந்த ஆண்டு முதல் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லை என்பதை அறிவீர்கள். பாடம் புரிந்ததா என்பதை வகுப்புத் தேர்வு காட்டும். தவறினால் மறுதேர்வு உண்டு. மூன்று முறை 90 எடுத்த பிள்ளை ஒரு நாள் நோட்டை மறந்து பூஜ்யம் வாங்கினால் சராசரி 67.5க்கு இறங்கிவிடும். மறதிக்குக் கணக்கு மதிப்பெண்ணில் தண்டனை தருவது நியாயமில்லை என்றுதான் பழைய முறையைக் கைவிட்டோம்.

"மதிப்பெண்தான் இல்லையே, பிறகு எதற்கு?" என்று சில வீடுகளில் நோட்டைத் திறப்பதே இல்லை. வேறு சில வீடுகளிலிருந்து விடையெல்லாம் சரியாக வருகிறது, கையெழுத்து மட்டும் பிள்ளையுடையது அல்ல. அண்மையில் 3/4 + 1/6 என்ற கணக்கைக் கொடுத்தோம். ஏறக்குறைய எல்லா நோட்டிலும் 11/12. வகுப்புத் தேர்விலோ பலர் 4/10 என்று எழுதினார்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டார்கள். அதே தவறு வீட்டு நோட்டில் வந்திருந்தால் மறுநாள் காலையே ஆசிரியர் திருத்தியிருப்பார். எங்களுக்கு வேண்டியது அந்தத் தவறுதான்.

மீண்டும் மதிப்பெண் போடுங்கள் என்றும் சிலர் கேட்கிறீர்கள். 1988இல் வெளியான, கல்வி உளவியலாளர் ரூத் பட்லரின் ஆய்வில், ஆசிரியர் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் குறிப்பைப் படிக்க யாருக்குப் பொறுமை!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவம் முதல், பயிற்சியைத் தன் கையால் செய்யாத மாணவருக்கு மறுதேர்வு கிடையாது. பிறர் எழுதிய பக்கங்கள் திருப்பி அனுப்பப்படும். விதிவிலக்குக் கேட்டு யாரும் வர வேண்டாம்.

களைத்துப்போன பிள்ளை கண்கலங்கி உட்கார்ந்திருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எளிதல்ல என்பதும் தெரியும். அன்றைக்கு, 'இதற்கு மேல் தெரியவில்லை' என்று பிள்ளையையே எழுதச் சொல்லி, கையொப்பமிட்டு நோட்டை மூடிவிடுங்கள். அதுவே போதும். ஏற்கெனவே அப்படி அனுப்பிவரும் பெற்றோருக்கு வகுப்பாசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்