மூன்றாம் மாடிக் காக்கா

மாட்டுங்கா, மும்பை,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்பி,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மழைக்கு இன்னும் மூன்று வாரம்; கிங்ஸ் சர்க்கிளில் இப்போதே தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வழக்கம்போல முழங்கால் தண்ணீர் நிச்சயம். குண்டு ரிடயர் ஆகியும் டிபன் டப்பாவோடு எட்டு ஐந்துக்குக் கிளம்புகிறான். எங்கே என்று கேட்காதே.

நம் கட்டடம் இடிபடப் போகிறது. அந்தக் காலத்தில் பகடி என்று மொத்தமாக ஒரு பணம் கொடுத்ததோடு, மாதம் 140 ரூபாய் வாடகையில் ஓட்டியாச்சு. இப்போது பில்டர் வந்துவிட்டான். 51 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். மூன்று மாடி இருந்த இடத்தில் இருபத்திரண்டு. 1896 பிளேக்குக்குப் பிறகு, காற்றோட்டம் வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்து இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அளந்து போட்ட பேட்டை. இனி காற்றுக்கும் சிபாரிசு பிடிக்க வேண்டும். மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்டால், "பார்த்துக்கலாம் அங்கிள்" என்கிறான்.

அதுகூடப் போகட்டும். போன ஞாயிறு மொட்டைமாடியில் கூட்டம். மேலே வீடு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் சுத்த சைவமாம். பில்டரின் ஆள் "மீன் வாசனை..." என்று இழுத்தபடி மூன்றாம் மாடிக் காக்காவை, நம் மராத்தி மாமாவைப் பார்த்தான். பணத்தை வாங்கிக்கொண்டு அவர் வேறிடம் பார்த்தால் எல்லாருக்கும் சௌகரியமாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். காக்கா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வார் நன்றாகத்தான் இருந்தது.

நம்மவர்கள் ஆறு பேர் இருந்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான், அம்பி. உனக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டியவர் அவர்.

எழுந்தது யார் தெரியுமா? கீழ்வீட்டு குஜராத்தி அக்கா, நம் பென்! வெங்காயம்கூடத் தொடாத ஜைன மனுஷி. "நாற்பது வருஷமா அவர் மீன் வறுக்கிறார், நான் ஜன்னலைச் சாத்திக்கிறேன். ஜன்னல் என்னோடது. உனக்கென்ன?" என்று குஜராத்தியும் இந்தியுமாகப் பிடித்துக்கொண்டாள். ஆள் ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வருவான்.

மறுநாள் காலை நம் வீட்டு வடாமும் பென்னின் அப்பளமும் மாடியில் காய்ந்தன. பென் நம் அம்மாக்களிடம் கற்ற தமிழில் "காக்கா! காக்கா!" என்று கத்திக் காகங்களை விரட்டினாள். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று மூன்றாம் மாடியிலிருந்து எப்போதும் மராத்தியில் வரும் "காய் ஜாலா?", அதுதான் 'என்ன ஆச்சு?', அன்று வரவில்லை.

ஜூனில் வருவதாகச் சொன்னாயே, தள்ளிப்போடாதே. ஒரு மாடிதான் ஏற வேண்டும், தனியாகப் போக வெட்கமாக இருக்கிறது. வரும்போது நார்த்தங்காய் கொண்டுவா, காக்காவுக்கும் சேர்த்து.

உன்
மொட்டை