படத்தின் ஓரத்தில் இருந்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2018-இல் பழனி மலையில் குறிஞ்சி பூத்தபோது, மூன்று நாள் விடியற்காலையில் போய்க் காத்திருந்து, மூட்டம் விலகிய சில நிமிடங்களில் நான் எடுத்த படத்தை, கொடைக்கானல் விடுதி ஒன்று இந்த ஆண்டு தன் காலண்டரில் அச்சிட்டிருக்கிறது. வலது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்த என் பெயர் அதில் இல்லை. அதை நீக்குவதற்காகப் படத்தை வெட்டியதில் ஓரத்துக் குறிஞ்சிக் கொத்தும் பாதியாகிவிட்டது. கேட்கப் போனபோது, "வாட்ஸ்அப்ல வந்த படம்தான சார், நம்ம ஊருக்குத்தான விளம்பரம்" என்றார் மேலாளர்.

பணம் கேட்டு நான் போகவில்லை. பதிப்புரிமையை விற்ற பிறகும், ஆக்கியவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மதிப்புக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் ஆக்கியவரிடமே இருக்கும் என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்து கொடுத்த வெண்கலச் சுவர்ச் சிற்பம், காசு கொடுத்து வாங்கிய அரசாலேயே பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்தபோது, எஞ்சியதை அவரிடம் ஒப்படைத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது இந்தப் பிரிவின்படிதான். விலை கொடுத்தவருக்கே இந்த வரம்பு என்றால், கேட்காமலே எடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைக்கவேண்டும் என்பவன் அல்லன் நான். வகுப்பில் பாடம் நடத்தப் படத்தைப் பயன்படுத்துவதைச் சட்டமே அனுமதிக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்கும்போதும் படங்கள் ஆயிரக்கணக்கில் சுற்றும். வியாபாரத்துக்கு அச்சிடுபவர்கள் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பெயரையும் போட்டால் போதும்.

எனக்கும் இதில் ஒரு உறுத்தல் உண்டு. கூலி பெற்று எடுக்கும் கல்யாணப் படங்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு. என் ஸ்டூடியோ கண்ணாடியில் பல ஆண்டுகளாக நான்கு மணமக்களின் படங்களை, யாரையும் கேட்காமல் மாட்டி வைத்திருந்தேன். கடந்த வாரம் நான்கு வீட்டாருக்கும் போன் செய்தேன். மூன்று வீட்டார் சம்மதித்தார்கள். நான்காவது வீட்டார் வேண்டாம் என்றதால் அந்தப் படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.