வலிகாமத்துக் கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், உறுப்பினர்களுக்கு,

வெங்காய அறுவடை தொடங்கப்போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஆட்கள் வந்து தோட்டக் கொட்டில்களில் தங்குவார்கள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கூலி எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு என்றெல்லாம் கூட்டத்தில் பேசுகிறோம். அவர்களுடைய உடம்பைப் பற்றி ஒருதரமாவது பேசினோமா? இந்தமுறை பேச வேண்டும். அதிலும் எச்.ஐ.வி. பற்றி வாய்திறந்து பேச வேண்டும்.

"வெளியிலயிருந்து வாற ஆக்கள்தான் வருத்தம் கொண்டு வருகினம்" என்று சந்தையிலும் தேத்தண்ணிக் கடையிலும் சொல்கிறார்கள். அநியாயமான பேச்சு. எச்.ஐ.வி. ஊர் பார்த்துத் தொற்றுவதில்லை. பாதுகாப்பில்லாத உடலுறவால் வரும், ஒருவர் பாவித்த ஊசியை மற்றவர் பாவித்தால் வரும், தொற்றுள்ள இரத்தத்தால் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஒரே கிணற்றில் குளித்தாலோ ஒரே கோப்பையில் குடித்தாலோ நுளம்பு கடித்தாலோ வராது. குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் இருப்பவருக்கு ஆபத்து கூடுகிறதென்றால், ஆணுறை எங்கே கிடைக்கும், இரத்தம் எங்கே சோதிக்கலாம் என்று சொல்ல இங்கே ஆளில்லாததும் அதற்குக் காரணம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். யார் வந்தார், என்ன வருத்தம் என்பது வெளியே போகாது. ஆனால் கிளினிக் நடக்கும் நேரமும் நம் தோட்ட வேலை நேரமும் ஒன்று. போன போகம் எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் அடிவயிற்று நோவோடு குந்தியிருந்து வெங்காயத் தாள் வெட்டிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பு முடிச்சில், பார்மசியில் கேட்டு வாங்கிய நாலு கப்சூல். என்ன மருந்தென்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்று கேட்டேன். "போனா இண்டைக்குச் சம்பளம் இல்லையே அக்கா" என்றார். அப்படிப்பட்ட நோவு பாலியல் தொற்றாலும் வரலாம். பாலியல் தொற்று ஒன்றை இப்படிக் கவனியாமல் விட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கொட்டிலில் தங்கும் பெண்ணிடம் யாராவது அத்துமீறினால் அவர் யாரிடம் போவார்? எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை, அது நடந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. பயத்திலும் வெட்கத்திலும் இரண்டு நாள் போய்விட்டால் மிஞ்சுவது ஒரே நாள்.

எச்.ஐ.வி. தொற்றிய முதல் இலங்கையர் 1987இல் அறியப்பட்டார். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென்று இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகளைக் குடும்பநல மாதுக்கள் வீடுவீடாகத் தேடிப் பதிந்ததும், கிளினிக்கில் இரத்தம் சோதித்ததும் அதற்குப் பெரிய காரணம். நம் கொட்டிலில் ஒரு கர்ப்பிணி இருப்பதை அந்த மாதுக்கு யார் சொல்வது? நாம்தான்.

ஆகவே, கிளினிக் போகிறவருக்கு அரைநாள் கூலியை வெட்டாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, பின்னேரத்தில் அமைப்பின் கட்டடத்திலேயே நடமாடும் கிளினிக் ஒன்றுக்கு ஒழுங்கு செய்யுங்கள். ஆணுறைகளைக் கேட்டு வாங்கி, யாரிடமும் கைநீட்டத் தேவையில்லாத இடத்தில் வையுங்கள். எச்.ஐ.வி. சோதனைத் துண்டு கொண்டுவந்தால்தான் வேலை என்று யாரும் நிபந்தனை போடக்கூடாது. தொற்று இருக்கிறதென்று ஒருவரை நிறுத்தவும் கூடாது. ஒவ்வொரு நாளும் தவறாமல் மருந்தெடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால்கூடத் தொற்றாது. அவர் மற்றவர்களைப் போலவே மண்வெட்டி பிடிப்பார்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரிக்கான கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் அமைப்பின் தலைவருடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெங்காயத் தோட்டம் செய்யும் உறுப்பினர் ஒருவர்,
கோப்பாய்.