பாப்பாவுக்கு, நம்ம சீஷெல்ஸ் விக்டோரியா பத்தி

பாப்பா,

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல உன் ஃப்ரெண்டுகிட்ட "எங்க ஊரு பத்து நிமிஷம் நடந்தா முடிஞ்சிடும், பாக்க ஒண்ணுமே இல்ல"ன்னு நீ சொன்னது அப்பா காதுல விழுந்துச்சு. கோபம் இல்லமா. ஆனா ராத்திரி தூக்கம் வரல, அதான் எழுதுறேன்.

நீ ஸ்கூல் விட்டு கடைக்கு வருவியே, அந்த வழிய நெனச்சுப் பாரு. ஒரு பக்கம் ட்ரவா ஃப்ரேர் மலை, ஊருக்கு மேலயே 699 மீட்டர் நிக்குது, இன்னொரு பக்கம் கடல், நடுவுல ஒட்டுத்துணி மாதிரி கொஞ்சம் நிலம், அதுலயும் நிறைய கடலைத் தூத்து எடுத்தது, அதுக்குள்ளதான் சீஷெல்ஸ்ங்கிற ஒரு நாட்டோட தலைநகரமே இருக்கு. 1770ல முதல்ல குடியேற வந்தவங்க எதிர்ல இருக்கிற செயின்ட் ஆன் தீவுலதான் எறங்குனாங்க, வெள்ளைக்காரங்க, அடிமைகள், அவங்களோட அஞ்சு இந்தியர்கள். அந்த அஞ்சு பேரை மலபார்னு எழுதி வச்சிருக்கான் பிரெஞ்சுக்காரன். தென்னிந்தியாக்காரங்களை அவன் அப்படித்தான் சொல்வான், ரீயூனியன் தீவுல நம்மாளுங்களை இன்னைக்கும் அந்தப் பேரு சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நாம இங்க நேத்து வந்தவங்க இல்லமா.

இந்த ஊரு 1778ல ஆரம்பிச்சதே ஆமைக்காகத்தான். கப்பல்ல போறவன் வர்றவன் எல்லாம் பெரிய ஆமைங்களை சாப்பாட்டுக்கு அள்ளிட்டுப் போக, மரத்தை வெட்டித் தள்ள, அதை காவல் காக்க பிரெஞ்சுக்காரங்க கொஞ்சம் சிப்பாய்ங்களை அனுப்பினாங்க. விக்டோரியான்னு பேரு 1841லதான் வந்துச்சு.

நாம கோயிலுக்குப் போற குவின்சி ஸ்ட்ரீட் இருக்குல்ல, அந்த குவின்சி இங்க பிரெஞ்சு கவர்னர். 1794ல இங்கிலீஷ்காரன் போர்க்கப்பலோட வந்தான், இவருகிட்ட படை கிடையாது, சரணடைஞ்சாரு, கப்பல் போனதும் திரும்ப பிரெஞ்சுக் கொடிய ஏத்திட்டாரு, அப்புறம் இன்னொரு கப்பல் வந்தா மறுபடியும் எறக்குவாரு. ஊர்ல ஒரு வீடு எரியல, அதுதான் எனக்கு அவர்மேல மரியாதை. அவர் பேரு இருக்கிற தெருவுலதான் 1992ல நவசக்தி விநாயகர் கோயில் எழும்புச்சு, தைப்பூசக் காவடி இப்போ அதே தெருவுலதான் போகுது.

1862 அக்டோபர் மட்டும் நெனச்சாலே அடிவயிறு கலங்கும். விடாத மழை, மலை சரிஞ்சு சேறும் பாறையும் ஊருக்குள்ள வந்து தூங்கிட்டிருந்தவங்களை மூடிடுச்சு. அந்த மண்சரிவைத்தான் லாவாலாஸ்னு கிழவிங்க இன்னும் சொல்றாங்க. ராத்திரி பெருமழை பெஞ்சா நான் எழுந்து கதவைத் திறந்து மலையப் பாத்துட்டு நிப்பேனே, நீ கேப்ப ஏம்பான்னு, அதுக்குத்தான்மா.

லோர்லோஸ், அதான் நம்ம ஊர் மணிக்கூண்டு, 1903ல வச்சது, லண்டன்ல இருக்கிற லிட்டில் பென் மணிக்கூண்டோட அச்சு. சீஷெல்ஸ் மொரீஷியஸ்ல இருந்து பிரிஞ்சு தனிக் காலனி ஆன வருஷமும் அதான். உன் தாத்தா இங்க வந்தப்ப ஏர்போர்ட் கிடையாது, அது 1971லதான், பம்பாயில ஏறி மொம்பாசா போற கப்பல்ல வந்து எறங்குனாரு. எறங்கினதும் யாரை வழி கேட்டாலும் அந்த மணிக்கூண்டைத்தான் கை காட்டினாங்களாம்.

இன்னைக்கு காலைல மார்க்கெட்ல ஒரு மதாம் பத்தோன், அதான் அந்த வெள்ளைக் கொக்கு, மீன் வெட்டுற கல்லுக்குப் பக்கத்துல ஒத்தக் கால்ல நின்னுட்டிருந்துச்சு. வெட்டுறவரு பூர்ஷ்வா மீனோட குடலை தூக்கிப் போட்டதும் கழுத்த நீட்டி லபக்குன்னு பிடிச்சுது. சின்னதுல நீ அதுக்குத்தான் என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவ.

தைப்பூசத்துக்கு உன் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வா. ஊரை நானே சுத்திக் காட்டுறேன், பத்து நிமிஷத்துல முடிக்க மாட்டேன்.

அப்பா