செயலாளரின் ஆண்டறிக்கை: பேரணாம்பட்டு

மதிப்பிற்குரிய தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு தவறாமல் கூடியது. நூலகக் கூரையும் தவறாமல் ஒழுகியது. இந்த ஆண்டு நான் சொல்ல வேண்டியது, நம் சங்கம் குடும்பங்களுக்காக நடத்திய நாட்டுமருந்து வகுப்புகளைப் பற்றித்தான்.

முதல் வகுப்புக்கு நோட்டு வேண்டாம், வீட்டிலுள்ள மருந்தைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தோம். லேகிய டப்பா, பெயரில்லாத பொடிப் பொட்டலம், சுர்மா என்னும் கண்மைக் குப்பி என்று பை பையாக வந்தன. பிள்ளை பெற்ற மருமகளுக்காகத் தசமூலாரிஷ்டம் வாங்கியிருந்தார் ஒரு மாமியார். பாட்டிலின் பொடி எழுத்தை மருமகளே படித்துச் சொன்னார்: "தானாக உண்டான ஆல்கஹால்." மாமியார் கையிலிருந்த மூடியை மறுபடி இறுக்கித் திருகிவிட்டார்.

அரிஷ்டமும் ஆசவமும் வெல்லம், காட்டாத்திப்பூ சேர்த்துப் புளிக்கவைப்பவை. சாராயத்தை யாரும் ஊற்றுவதில்லை. அது தானே ஊறுகிறது. அதைக் குடிப்பது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்வது சங்கத்தின் வேலையல்ல என்பதால் இமாமிடம் கேட்கச் சொன்னோம். அதே மூலிகைகள் புளிக்கவைக்காத கஷாயமாகவும் கிடைக்கும் என்று வகுப்பெடுத்த வைத்தியர் சொன்னதும் பாதிப் பேச்சு அடங்கியது. கேப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் எந்தப் பிராணியுடையது என்று தெரியாதவர்கள் சூரணமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

எனக்கொரு குறை உண்டு. ஹலாலா என்று துருவித் துருவிக் கேட்பவர்கள், உடம்புக்கு ஆகுமா என்று கேட்பதில்லை. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" நானும் அப்படி இருந்தவன்தான். நோன்பு வைத்துக்கொண்டு, விடியுமுன் உண்ணும் சஹரில் சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியையும் விழுங்கினேன். மாலைத் தொழுகையான அஸர் நேரத்தில் கண் இருட்டி, பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் ஹவுள் கரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டும் சர்க்கரையைக் குறைப்பவை. டாக்டரிடம் சொல்லாதது என் தவறு. கருஞ்சீரகம் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து என்ற ஹதீஸை, அதாவது நபிமொழியைக் காட்டி இன்சுலினை நிறுத்துவதும் இதே தவறுதான்.

குழந்தைகள் விஷயத்தில் வைத்தியர் கண்டிப்பாகவே பேசினார். ஒரு வயது முடியும்வரை தேனைத் தொட்டும் வைக்கக் கூடாது. ஈயம் கலந்த சுர்மாவைக் கண்ணில் இடக் கூடாது. உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாத மருந்தை வாங்கக் கூடாது. வசம்பு உரைத்துக் கொடுப்பதை விடச் சொன்னபோது மட்டும் மூத்த பெண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வகுப்பை மீண்டும் நடத்த வேண்டியிருக்கும்.

அந்த அரிஷ்ட பாட்டில் இன்னும் சங்க அலமாரியில்தான் இருக்கிறது. மாமியார் வந்து எடுத்துப்போகவில்லை, மருமகளும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்