மூன்று சர்தார்ஜி ஜோக்குகள்: வார இதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கல்லூரி நாட்களில் வார இதழ்களுக்குத் துணுக்கு எழுதிப் போட்டவன் நான். அச்சில் வந்தவற்றில் மூன்று சர்தார்ஜி ஜோக்குகள். அப்போது எனக்கு ஒரு சர்தார்ஜியைக்கூடத் தெரியாது.

பிறகொரு நாள் நண்பன் தி.நகர் குருத்வாராவுக்கு இழுத்துக்கொண்டு போனான். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு லங்கர் எனும் இலவசப் பொது உணவுப் பந்தியில் உட்கார்ந்தோம். ரொட்டிக் கூடையோடு வந்த பெரியவர், "பிரசாதா ஜி" என்றார்; ரொட்டியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டே என் இன்னொரு கையையும் பிடித்துச் சேர்த்துவைத்து, அதில் ரொட்டியைப் போட்டார். மணி பன்னிரண்டு. பன்னிரண்டு அடித்தால் சர்தார்ஜிக்குப் புத்தி பேதலிக்கும் என்பது வழக்கமான கேலி. நாக்கு நுனிவரை வந்த ஜோக்கை அப்படியே விழுங்கினேன். (பாரசீக மன்னன் நாதிர் ஷாவின் படை பிடித்துப்போன பெண்களைச் சீக்கியர்கள் நள்ளிரவில் பாய்ந்து மீட்டதால் ஒட்டிக்கொண்ட கேலி அது என்பது அவர்கள் வீடுகளில் சொல்லும் கதை.)

"அவங்களே சிரிக்கிறாங்களே சார்" என்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2001 செப்டம்பர் 15. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் மேசா நகரம். தன் பெட்ரோல் பங்க் வாசலில் பூச்செடி வேலையாக நின்றிருந்தார் பல்பீர் சிங் சோதி. நான்கு நாள் முன்பு நடந்த இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பழிவாங்கக் கிளம்பிய ஒருவன், தலைப்பாகையையும் தாடியையும் பார்த்துச் சுட்டுக் கொன்றான். அதே தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று பல்பீர் அன்றுதான் பர்ஸில் இருந்த பணத்தைக் கொடுத்திருந்தார். 2016இல் அவர் தம்பி ராணா சிங், சிறையிலிருந்த கொலையாளியோடு தொலைபேசியில் பேசினார். அவன் மன்னிப்புக் கேட்டான். எப்போதோ மன்னித்துவிட்டோம், என் கையில் அதிகாரம் இருந்தால் இப்போதே உன்னை வெளியே கொண்டுவருவேன் என்றார் ராணா.

அர்தாஸ் பிரார்த்தனையைத் தினமும் 'சர்பத் தா பலா', அதாவது எல்லாருக்கும் நன்மை, என்று முடிக்கிறவர்கள் இவர்கள். சுட்டவனும் அந்த எல்லாரில் அடக்கம். பஞ்சாபின் ஆனந்த்பூரில் நடந்த போரில் எதிரிப்படையின் காயம்பட்டவர்களுக்கும் தண்ணீர் கொடுத்தார் சீக்கியத் தொண்டர் பாய் கன்னையா என்று புகார் போனபோது, குரு கோபிந்த் சிங் மருந்தையும் கொடுத்து அனுப்பினார் என்பார்கள். அந்த வழியில் வந்த பொறுமையைத்தான் நாம் 'கண்டுக்க மாட்டாங்க' என்று வாரந்தோறும் அச்சடிக்கிறோம்.

சர்தார்ஜி ஜோக்குகளுக்குத் தடை கேட்டு வந்த வழக்கில், மக்களுக்கு ஒழுக்க நெறி வகுப்பது தன் வேலை இல்லை என்று 2017இல் சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். அதனால்தான் உங்களிடம் வருகிறேன். அடுத்த முறை அப்படியொரு துணுக்கு தபாலில் வந்தால், 'சர்தார்ஜி'யை அடித்துவிட்டு 'ஒருவர்' என்று போட்டுப் படியுங்கள். சிரிப்பு வந்தால் போடுங்கள். என்னுடைய மூன்றையும் அப்படிப் படித்துப் பார்த்தேன். ஒன்றுதான் தேறியது, அதுவும் சுமார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய துணுக்கு எழுத்தாளன்