பூட்டியிருக்கிறதா என்று கேட்டாயே

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையில் எல்லோரும் நலம். சின்னவளைத் தமிழ் வழியிலேயே சேர்த்துவிட்டோம். மலையாளம் தெருவில் விளையாடும்போதே வந்துவிடுகிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வெப்.கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது? கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் (பாஸ்வேர்டோடு டேட்டாபேஸை இணைக்கும் வரி) நிரலில் சரியாக வருகிறது என்று எழுதியிருந்தாய். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டில், 2005இல் வந்த 2.0 பதிப்பு முதலே, என்கிரிப்ட் செய்த பகுதியை நிரல் படிக்கும்போது டாட்நெட்டே சத்தமில்லாமல் அவிழ்த்துக் கொடுத்துவிடும். மூடியிருந்தாலும் திறந்து கிடந்தாலும் உன் கைக்கு வருவது ஒரே எழுத்துதான்.

அதனால் மதிப்பைப் படிக்காதே, அந்தப் பகுதியையே கேள். நிரலில் ஓபன்வெப்கான்ஃபிகரேஷன் கட்டளை மூலம் கோப்பைத் திறந்து, கெட்செக்‌ஷனில் கனெக்‌ஷன்ஸ்ட்ரிங்ஸை எடுத்து, அதன் செக்‌ஷன்இன்ஃபர்மேஷனில் இஸ்புரொடெக்டட் என்ன சொல்கிறது என்று பார். ட்ரூ என்றால் மூடியிருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: கனெக்‌ஷன்ஸ்ட்ரிங்ஸை மூடிவிட்டு, எஸ்எம்எஸ் சேவையின் சாவியை ஆப்செட்டிங்ஸ் என்ற இன்னொரு பகுதியில் அப்படியே விட்டுவைப்பவர்கள் நிறைய.

கண்ணாலும் பார்க்கலாம். அந்தப் பகுதியின் தலையில் கான்ஃபிக்புரொடெக்‌ஷன்புரொவைடர் என்று இருக்கும், உள்ளே என்கிரிப்டட்டேட்டா, சைஃபர்வேல்யூ எல்லாம் வரும். இவை எதுவும் இல்லாமல் புரியாத எழுத்துகள் மட்டும் இருந்தால் நம்பாதே. இங்கே ஒரு அரிசி ஆலையின் பில்லிங் மென்பொருளில் பாஸ்வேர்டை பேஸ்64 என்ற வெறும் எழுத்து மாற்று முறையில் மாற்றி வைத்து, என்கிரிப்ட் செய்தாயிற்று என்று ஒப்படைத்திருந்தார்கள். அதைத் திருப்ப சாவியே வேண்டாம். சம்பளக் கணக்கு முழுக்க அந்த டேட்டாபேஸில்தான் இருந்தது. பார்த்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அப்புறம், அதே ஃபோல்டரில் வெப்.கான்ஃபிக்கின் பழைய நகல் ஏதாவது கிடக்கிறதா என்றும் பார்த்துவிடு. புதியதை மூடியவர்கள் பழையதை அழிக்க மறந்துவிடுகிறார்கள்.

மூடாமல் இருந்தால் அவசரப்பட்டு மூடாதே. விண்டோஸின் டிபிஏபிஐ (DPAPI) முறையில் மூடினால் சாவி அந்த மெஷினிலேயே தங்கிவிடும். கோப்பை வேறு சர்வருக்குக் கொண்டுபோனால் அவிழாது. ஆர்எஸ்ஏ (RSA) என்ற இன்னொரு முறை என்றால் சாவியை ஏற்றுமதி செய்து மற்ற சர்வர்களிலும் சேர்க்கலாம். உங்களிடம் சர்வர் எத்தனை, நிரல் பழைய டாட்நெட்டா, ஆப்செட்டிங்ஸ்.ஜேசன் என்ற தனிக் கோப்பு வைத்த புதியதா என்று எழுது. புதியதென்றால் இந்த இஸ்புரொடெக்டட் வழி அதற்கு இல்லை, வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

பொங்கலுக்கு வேலந்தாவளம் வழியாகவே வா, நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி